வேலூரில் மூன்று நாள், மாமாவோடு படம் பார்த்தது

முதல் நாள், வெள்ளிக்கிழமை

காலை ஆறேகாலுக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். வந்தவாசி, செய்யாறு, ஆற்காடு என்று ஊருக்கு ஊர் நின்று, நடுவில் ஒரு பஞ்சரும் ஆகி, வேலூர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ஆற்காட்டில் பஸ் கொஞ்சம் நின்றதால் இறங்கி ஓடிப்போய் அத்தைக்கு மக்கன் பேடா வாங்கிக்கொண்டேன். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அவருக்குக் காட்டக்கூடாது.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால ஓவியங்களைக் கேன்வாஸ் துணியில் அச்செடுத்து, அசல் எவ்வளவு பெரியதோ அதே அளவில் வேலூரில் ஒரு மண்டபத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் சொன்னார். நான் ஓவிய ஆசிரியை. பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு மோனா லிசாவையும் ரஃபேலையும் புத்தகத்தில் தீப்பெட்டி அளவில்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன், இப்போது போனில். மோனா லிசா 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பலகை. ரஃபேலின் ‘ஏதென்ஸ் பள்ளி’ ஏழரை மீட்டருக்கும் மேல் அகலமான சுவர். புத்தகத்தில் இரண்டும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். எண்களை நான் வகுப்பில் சொல்லத்தான் செய்கிறேன், ஆனால் என் மனதிலேயே இரண்டும் ஒரே அளவாகத்தான் பதிந்திருந்தது. அசலைப் பார்க்க பாரிஸுக்கும் ரோமுக்கும் போக முடியாது, வேலூருக்குப் போகலாம் இல்லையா, அதான் கிளம்பிவிட்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சைதாப்பேட்டையில் வீடு (வேலூரிலும் ஒரு சைதாப்பேட்டை உண்டு). முப்பது வருடம் சினிமா பேனர் வரைந்தவர். பெரிய துணியில் கட்டம் போட்டு, ஸ்டில் போட்டோவிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்கி, பவுடர் கலரை லின்சீட் ஆயிலில் குழைத்து முகம் வரைவார். சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு வந்தால் அவருக்கு டப்பா பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்கு வேலை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் இரண்டே வருடத்தில் போய்விட்டது. அதனால் “வாங்க மாமா, பிரிண்ட் போட்ட படமெல்லாம் வைத்திருக்கிறார்களாம்” என்று கூப்பிடவே எனக்குத் தயக்கமாக இருந்தது. “பிரிண்ட்டை இன்னாம்மா போய்ப் பாக்கறது” என்றார். ஆனால் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வெயில் தாழட்டும் என்று நாலரைக்குப் போனோம். இன்றைக்குப் பாதி மண்டபம்தான் பார்க்க முடிந்தது.

உள்ளே போனதும் எதிர்ச் சுவர் முழுக்க போட்டிசெல்லியின் ‘வீனஸின் பிறப்பு’. 172 சென்டிமீட்டர் உயரம், 278 அகலம். நான் அப்படியே நின்றுவிட்டேன். சிப்பி மேல் நிற்கும் அந்தப் பெண் கிட்டத்தட்ட நம் உயரம், அவள் பார்வைக்கு நேராக நாம் நிற்கிறோம். போனில் பார்க்கும்போது அது ஒரு பொம்மை, இங்கே எதிரில் ஆள் நிற்கிறது. மாமா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இடது தோளு எங்கம்மா? கழுத்துலேர்ந்து வழுக்கிகினு போவுது” என்றார். உண்மைதான், அந்தத் தோள் உடற்கூறுப்படி இருக்கவே முடியாது, கழுத்தும் ரொம்ப நீளம். போட்டிசெல்லிக்குத் தெரியாமல் இல்லை, கோடு வளைந்து ஓட வேண்டும் என்பதற்காக எலும்பை விட்டுக்கொடுத்திருக்கிறார். சொன்னேன். “அப்ப சரி. நாங்களும் ஹீரோயின் கழுத்தக் கொஞ்சம் இழுத்துதான் போடுவோம்” என்றார்.

இந்தப் படம் டெம்பரா, அதாவது முட்டை மஞ்சள் கருவில் வண்ணத்தைக் குழைத்து வரைவது. செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சில் முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்ப்பார்கள், அங்கே மஞ்சள் கரு ஓவியருக்குப் போனது. சீக்கிரம் காய்ந்துவிடும், எண்ணெய் வண்ணம் மாதிரி இழுத்துக் கலக்க முடியாது, சின்னச் சின்னக் கோடாகத்தான் போட முடியும். கிட்டப் போனால் வீனஸின் கூந்தலில் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. நகலிலேயே இவ்வளவு தெரிகிறது என்பது எனக்கு ஆச்சரியம்.

மோனா லிசா வேறு விஷயம். அளவு சரி, ஆனால் படம் செத்திருந்தது. லியோனார்டோ அந்த முகத்தை மெல்லிய பூச்சின் மேல் பூச்சாக, எங்கே நிழல் முடிந்து எங்கே கன்னம் தொடங்குகிறது என்று தெரியாதபடி கட்டியிருக்கிறார். அச்சில் அந்த அடுக்குகள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. வண்ணம் காய்ந்து விழுந்த வெடிப்புகள்கூட அச்சில் அப்படியே வந்திருந்தன, நெற்றியில் வலை மாதிரி. காவலுக்கு நின்ற பையனிடம் கேட்டு, ஓரத்தில் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

இன்றைக்குக் கடைசியாகப் பார்த்தது யான் வான் ஐக் 1434 இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி. (வான் ஐக்கை இத்தாலியர் என்று சீட்டில் போட்டிருந்தார்கள், அவர் வடக்கே நெதர்லாந்துப் பகுதிக்காரர். வெளியே வரும்போது சொன்னேன், திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.) படம் 82 சென்டிமீட்டர் உயரம்தான். பின்சுவரில் ஒரு குவி கண்ணாடி, சட்டத்தோடு சேர்த்தே உள்ளங்கைக்குள் அடங்கும், அதற்குள் இந்தத் தம்பதியின் முதுகு, வாசலில் வந்து நிற்கும் இன்னும் இரண்டு பேர், கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி பத்துக் குட்டி வட்டங்களில் ஏசுவின் பாடுகள். போனில் இதை விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கிப் பார்த்துப் பழகியிருந்ததால், அது எவ்வளவு சின்னது என்றே எனக்கு உறைத்ததில்லை. மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இத்தன சின்னதுக்கு எந்தப் பிரஷ்ஷு?” என்று ஒன்றுக்கு மூன்று முறை கேட்டார். ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள்.

ராத்திரி அத்தை இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் எண்ணெய்க் குழம்பு வைத்திருந்தார். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இன்னொரு நாள்.

இரண்டாம் நாள், சனிக்கிழமை

இன்று காலை பத்து மணிக்கே மாமா தயாராக உட்கார்ந்திருந்தார், நான்தான் தாமதம்.

சனிக்கிழமை என்பதால் கூட்டம் இருந்தது. பாதிப் பேர் வங்காளத்திலிருந்து சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள், டெஸ்ட் ரிசல்ட் வரும்வரை லாட்ஜில் தங்கியிருப்பவர்கள். வேலூரில் இது தினமும் பார்க்கிற காட்சிதான், கடைப் பலகையிலேயே வங்காள எழுத்து இருக்கும். கிர்லாண்டாயோவின் கிழவரும் பேரனும் படத்துக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, மகன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தில் கிழவரின் மூக்கு முழுக்கக் கட்டி கட்டியாகப் புடைத்திருக்கும், ஒரு தோல் வியாதி. சின்னப் பையன் அந்த மூக்கைப் பார்க்கவே இல்லை, தாத்தாவின் கண்ணைத்தான் பார்க்கிறான், கை தாத்தாவின் மார்பில் இருக்கிறது. 1490 வாக்கில் வரைந்தது. அந்த வங்காளத்து அம்மா தன் மூக்கைத் தொட்டுக் காட்டி மகனிடம் என்னவோ சொன்னார், இரண்டு பேரும் அங்கேயே ரொம்ப நேரம் நின்றார்கள். எனக்கு மொழி புரியவில்லை.

அடுத்து மான்டேனியாவின் இறந்த கிறிஸ்து. படுத்திருக்கும் உடலைப் பாதத்தின் பக்கமிருந்து பார்ப்பது மாதிரி வரைந்தது, உள்ளங்கால் இரண்டும் நம் முகத்துக்கு நேராக. 68 க்கு 81 சென்டிமீட்டர்தான், ஆனால் பிணத்தின் கால்மாட்டில் நிற்கிற அதே உணர்வு. எல்லோரும் பேசாமல் நகர்ந்துகொண்டிருக்க, மாமா கையை நீட்டிக் கட்டைவிரலால் அளந்துகொண்டிருந்தார். “பாப்பா, இது தப்பும்மா. இந்தப் பக்கமிருந்து பாத்தா காலுதான் பெருசா இருக்கணும், தலை சின்னதா இருக்கணும். இவரு காலைச் சின்னதாக்கிட்டாரு.” எனக்கு உடம்பு சிலிர்த்தது. அறிஞர்கள் எழுதியிருப்பதும் இதேதான், கணக்குப்படி வரைந்தால் பாதம் பெரிதாகி முகத்தையும் மார்பையும் மறைத்துவிடும் என்று மான்டேனியா வேண்டுமென்றே குறைத்திருக்கிறார். மாமா எந்தப் புத்தகமும் படித்ததில்லை. நாற்பதடி கட்-அவுட் வரைந்தவர், கீழே நிற்கிற ஆளுக்குத் தலை சின்னதாகத் தெரியும் என்று தலையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுப் பழகியவர். இது அந்தக் கணக்கின் மறுபக்கம், அதனால் பார்த்த உடனே பிடித்துவிட்டார்.

ரஃபேலின் ‘ஏதென்ஸ் பள்ளி’யும் லியோனார்டோவின் ‘இறுதி இராவுணவு’ம் மண்டபத்துக்குள் அடங்காது என்பதால் பாதி அளவில்தான் வைத்திருந்தார்கள், அதை வாசலிலேயே எழுதியும் இருந்தார்கள். பாதியே ஒரு சுவர். ‘ஏதென்ஸ் பள்ளி’யை ரஃபேல் 1509க்கும் 1511க்கும் நடுவில் வாடிகனில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைந்தார், அப்போது அவருக்கு வயது இருபத்தாறு, இருபத்தேழு. ஒரு நாளைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் கொத்தனார் பூசுவார். பூச்சு காய்வதற்குள் வண்ணம் உள்ளே இறங்க வேண்டும், காயும்போது சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து மறுபடி கல்லாகிவிடுகிறது, வண்ணமும் கல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. தப்பினால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.

அப்படியென்றால் சுவருக்கு வருமுன்பே எல்லாம் முடிவாகியிருக்க வேண்டும். படத்தின் கீழ்ப்பாதிக்கு ரஃபேல் போட்ட முழு அளவு வரைபடம் இன்றும் மிலானில் இருக்கிறது, சுமார் 200 தாளை ஒட்டிச் செய்தது, எட்டு மீட்டர் அகலம். கோடு நெடுக ஊசியால் குத்தியிருக்கிறது. இப்படிக் குத்தின தாளைச் சுவரில் வைத்துக் கரிப்பொடி மூட்டையால் தட்டினால் புள்ளி புள்ளியாகக் கோடு இறங்கும். எங்கள் தெருவில் ஆரி வேலை செய்கிற பெண்கள் கல்யாண ஜாக்கெட்டுக்கு டிசைன் இறக்குவது அச்சு அசலாக இதேதான், டிரேசிங் பேப்பரில் ஊசியால் குத்தி, பொடியைத் தேய்த்துத் துணிக்கு இறக்குவார்கள். முன்வரிசையில் கல்லின் மேல் சாய்ந்து கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாரே ஒருவர், மைக்கலாஞ்சலோவின் சாயல் என்று சொல்வார்களே, அவர் அந்த வரைபடத்தில் இல்லை. சுவர் முடிந்த பிறகு பூச்சை வெட்டி எடுத்துவிட்டுச் சேர்த்திருக்கிறார். இதைக் கேட்டதும் மாமாவுக்கு ஒரே சந்தோஷம், “ரிலீஸுக்கு மொத நாளு தயாரிப்பாளரு வந்து இன்னொரு முகம் போடுன்னுவாரு, அந்த மாதிரி” என்றார்.

இனி நான் ரொம்பச் சொல்ல விரும்புவது. ‘இறுதி இராவுணவு’க்கு முன்னால் நிற்கும்போது மாமா கேட்டார், “அசலு எப்பிடி இருக்குது?” அசல் பெரும்பாலும் போய்விட்டது. லியோனார்டோ 1495 முதல் 1498 வரை மிலானில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அதை வரைந்தார். ஈரப் பூச்சின் அவசரம் அவருக்கு ஒத்துவராது, யோசித்து யோசித்து வரைகிறவர், அதனால் காய்ந்த சுவரின் மேல் வரைந்தார், அவர் காலத்திலேயே வண்ணம் உரியத் தொடங்கிவிட்டது. 1652 இல் அந்தச் சுவரில் கதவு வைக்கிறோம் என்று ஏசுவின் பாதம் இருந்த இடத்தையே வெட்டிவிட்டார்கள். 1943 இல் குண்டு விழுந்து கூடத்தின் கூரையும் ஒரு பக்கச் சுவரும் போயின, படம் இருந்த சுவருக்கு மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் அது மட்டும் தப்பியது. இருபது வருடத்துக்கு மேல் சீரமைத்து 1999 இல் மறுபடி திறந்தார்கள். அந்தப் பாதங்கள் எப்படி இருந்தன, யூதாசின் கை பக்கத்தில் கவிழ்ந்த உப்புக் கிண்ணம் எங்கே இருந்தது என்று இன்றைக்குத் தெரிகிறதென்றால், 1520 வாக்கில் லியோனார்டோவைப் பின்பற்றி வரைந்த ஜாம்பியத்ரினோ என்பவர் துணியில் போட்டு வைத்த நகலால்தான். லியோனார்டோவின் ‘லேடா’ என்ற படம் முழுசாகத் தொலைந்துவிட்டது, நகல்கள் மட்டும் இருக்கின்றன. ‘ஆங்கியாரிப் போர்’ சுவர் ஓவியமும் அப்படித்தான், மற்றவர்கள் பார்த்து வரைந்து வைத்ததால்தான் அந்தக் குதிரைகள் எப்படிப் பாய்ந்தன என்று தெரியும்.

நகல் என்றால் ஏதோ இரண்டாம் தரம் என்று நானும் நினைத்து வந்தவள்தான். அது தப்பு. அசல் போன பிறகு நகல்தான் அசலுக்குச் சாட்சி. மாமா ஒன்றும் சொல்லவில்லை, படத்தின் அடி ஓரத்தில் இரண்டு பட்டை துணியை ஒட்டின இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், “நம்ம ஊருல இந்த மாதிரி யாராவது எடுத்து வெச்சிருக்காங்களா?”

அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வடநாட்டில் அஜந்தாவுக்கு நடந்தது தெரியும். ராபர்ட் கில் என்ற ராணுவ அதிகாரி பல வருடம் குகையில் உட்கார்ந்து எடுத்த நகல்களை லண்டனுக்கு அனுப்பினார்கள், 1866 இல் கிரிஸ்டல் பேலஸ் தீயில் பெரும்பாலும் எரிந்துவிட்டன. சரி, நம் பக்கம்? வாணியம்பாடி பக்கத்தில் மலையாம்பட்டுக்கு மேலே ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள், சித்தன்னவாசல் வகை. போளூர் பக்கத்தில் திருமலை என்ற ஊரிலும் சமண ஓவியங்கள். இரண்டும் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குள்தான் இருந்தன, 1989 இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019 இல் திருப்பத்தூர் பிரிந்தது. இந்த மண்டபத்தில் இருந்த எத்தனை பேருக்கு இவை தெரியும் என்று நினைத்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் கோட்டைக்குப் போய் அகழிக் கரையில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தோம். யாளி மேல் வீரர்கள் பாய்கிற அந்தத் தூண்களும் 16ஆம் நூற்றாண்டு, ரஃபேலின் சுவரும் 16ஆம் நூற்றாண்டு. “நாளைக்கு அந்தத் திருமலைக்குப் போலாமா” என்று மாமாதான் கேட்டார்.

மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

வேலூரிலிருந்து போளூர் பஸ், அங்கிருந்து ஆட்டோ. கண்ணமங்கலம் தாண்டினால் இரண்டு பக்கமும் மலை, வயலில் நாற்று நட்டிருந்தார்கள்.

திருமலை சின்ன ஊர். அடிவாரத்தில் குந்தவை ஜினாலயம், மேலே பாறையில் செதுக்கிய நேமிநாதர், ஊரில் சிகாமணிநாதர் என்கிறார்கள், தமிழ்நாட்டுச் சமணத் திருமேனிகளில் மிக உயரமானது. ராஜேந்திர சோழன் கங்கை வரை வென்ற மெய்க்கீர்த்தியும் இங்கே பாறையில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இன்னொரு கல்வெட்டு. எழினி என்ற சேரர் குலத்தவன் வைத்த இயக்கன், இயக்கி என்ற சமணக் காவல் தெய்வ உருவங்கள் பழுதானபோது, அவன் வழிவந்த விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுப்பித்தான் என்று சொல்கிறது. பழுது பார்த்ததையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஓவியங்கள் பாறைக்குக் கீழே செங்கல்லால் கட்டிய அறைகளில் இருக்கின்றன. சாவி வைத்திருந்த பெரியவர் வந்து திறந்துவிட்டார். குனிந்துதான் போக வேண்டும். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது, அப்புறம் சுவரில் ஒரு பெரிய வட்டம் மெல்ல மேலே வந்தது. சமவசரணம், தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சபை, வட்டத்துக்குள் வட்டமாக. காவி, மஞ்சள், கறுப்புக் கோடு. பல இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிகிறது, ஒரு இடத்தில் மேல்பூச்சு பெயர்ந்து அடியில் வேறொரு பூச்சு, அதிலும் வண்ணம். யாரோ ஆணியால் பெயர் கீறியிருக்கிறார்கள், அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

முந்தாநாள் அச்சில் தொட்டால் வழவழவென்று இருந்ததே, இங்கே தொடவே இல்லை, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். பூச்சில் கரண்டி போன திசை தெரிந்தது. பிரஷ் எங்கே அழுந்தியது, எங்கே தூக்கியது, வண்ணம் எங்கே தடித்து நின்றது எல்லாம் தெரிந்தது. வட்டம் போடக் கயிறு கட்டியிருப்பார்கள் போல, நடுவில் ஒரு சின்னக் குழி. அதை முதலில் பார்த்தவர் மாமாதான். “ஆணி அடிச்சிக் கயிறு கட்டி சுத்தியிருக்கான்” என்றார், குரலே மாறியிருந்தது.

பையிலிருந்து என் ஸ்கெட்ச் நோட்டை வாங்கினார். ஸ்கேல் இல்லை, பஸ் டிக்கெட்டை மடித்து அளவாக வைத்துக்கொண்டு கட்டம் போட்டார், எட்டுக்கு எட்டு. சுவரில் கட்டம் போட முடியாதே, அதனால் கண்ணாலேயே போட்டுக்கொண்டார். எதிர்ச் சுவரில் முதுகை வைத்து, கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, ஒவ்வொரு கட்டமாக. நான் டார்ச் பிடித்தேன். பெரியவர் முதலில் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து, “அந்த மூலைல ஒரு உருவம் இருந்திச்சி, எங்க அப்பா இருந்தப்ப நல்லாத் தெரியும்” என்று காட்டினார். இப்போது அங்கே ஒரு தோள் மாதிரி ஒரு கோடு மட்டும் இருக்கிறது. மாமா அந்தக் கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டார், தோள் என்று முடிக்கவில்லை. அறையைப் பூட்டுகிற நேரத்துக்குக் கால் வட்டம்தான் முடிந்திருந்தது. அடுத்த தடவை அளவு நாடாவும் பெரிய தாளும் கொண்டு வருகிறோம் என்று சொல்லி, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றும் கேட்டு எழுதிக்கொண்டோம்.

ராத்திரி சைதாப்பேட்டை வீட்டில், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல், மாமா அந்த நோட்டை ட்யூப்லைட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “மஞ்ச அழுக்கா இருக்கணும், பளிச்சுனு இருக்கக்கூடாது” என்று கேட்டார். என் பெட்டியிலிருந்து எல்லோ ஓக்கரும் கொஞ்சம் பர்ன்ட் சியன்னாவும் எடுத்துக் கொடுத்தேன். அத்தை தூங்கப் போய்விட்டார். எனக்கு நாளைக்குப் பள்ளி இருக்கிறது, காலை நாலரைக்கெல்லாம் பஸ் பிடிக்க வேண்டும், இவர் இன்னும் மூன்றாவது கட்டத்தில்தான் இருக்கிறார்.